பாதி மணல்

இந்தத் தீவில் அதற்கு ஹமனாகா என்று பெயர்.
கடற்கரையின் நடு.
குத்து வாங்கியவன் கரையேறிப்
பாதி மணல் கடப்பதற்குள் விழுவான் என்பதை
ஒரே சொல்லில் மடித்து வைத்துவிட்டார்கள்.
வெள்ளையும் பழுப்புமாய் வலை பின்னிய ஓடு,
யாரும் போகாத தேசத்துக்கு வரைந்த படம் போல.
கையில் எடுக்கத் தோன்றும்.
எடுத்தான் செய்கிச்சி.

அமாவாசை வற்றம்.
பவளத் திட்டு முதுகு காட்டிய இரவு.
வலிக்கவே இல்லை என்றான்,
எறும்பு இதைவிட நன்றாகக் கடிக்கும் என்றான்.
பிறகு உதடு தடித்தது,
என் கைவிளக்கு அவனுக்கு இரண்டாகத் தெரிந்தது,
சொல்லின் வால் நாக்கிலேயே ஒட்டிக்கொண்டது.
பெயர் சொன்னபடியே விழுந்தான்.

மீதிப் பாதியை
நாங்கள் தூக்கிக்கொண்டு நடந்தோம்:
அவன் மனைவி ஃபுசாயே, ரொட்டிக்கடை மொரியாசு,
துறைமுகத்தில் படகுச் சீட்டுக் கிழிக்கும் நான்.

மருத்துவமனை என்றால் இரண்டு கட்டில், ஒரு செவிலி.
தொமோயோ அவன் நெஞ்சில் காது வைத்தாள்.
"முறிவு மருந்து கிடையாது.
நஞ்சு வந்த வழியே போகும்.
போகும்வரை இவருக்குப் பதிலாக
யாராவது மூச்சு விட வேண்டும்."
காற்று வெறிபிடித்து அடித்தது. ஹெலிகாப்டர் விடிந்தால்தான்.
ரப்பர் பையை என் கையில் திணித்தாள்.
அமுக்கு. விடு. ஐந்து எண்ணு.
அமுக்கு.

மூச்சு எவ்வளவு பெரிய வேலை என்று
நாற்பத்தேழு வயதில்
மணிக்கட்டு வலித்துத் தெரிந்துகொண்டேன்.

ஆளுக்கு நூறு, பிறகு முறை மாற்றம்.
தூங்கிவிடாமல் இருக்கப் பேசினோம்.
மொரியாசு பழைய கணக்கை எடுத்தான்:
வலை வாங்கக் கொடுத்த பதினெட்டாயிரம் யென்,
இனி எழுதித் தள்ள வேண்டியதுதான்.
இவர் பாட ஆரம்பித்தால்
ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும் என்றாள் ஃபுசாயே.
சிரித்தாள். சிரித்த வாயைத் தோளில் புதைத்துக்கொண்டு
அமுக்கினாள்.
அவள் வெந்நீர் வைக்கப் போன நேரத்தில்
நான் ஒன்று சொன்னேன்.
அதை இங்கே எழுத மாட்டேன்.

கதவோரம் வாளியில் அது இருந்தது.
எது குத்தியது என்று தொமோயோ கேட்பாள் என
மொரியாசு இடுக்கியில் பிடித்துக் கொண்டுவந்தது.
மூன்று மணிக்கு எட்டிப் பார்த்தேன்.
ஓட்டுக்கு வெளியே ஒரு குழல் நீண்டு
தண்ணீரை முகர்ந்துகொண்டிருந்தது.
பகையாகத் தெரியவில்லை.
கால் இல்லை, துடுப்பு இல்லை, வேகம் இல்லை;
மீனைத் துரத்த முடியாதது
மீனை நிறுத்தக் கற்றிருக்கிறது, அவ்வளவுதான்.
உறங்கும் குஞ்சுகளின் மேல் வாயைக் கூடாரமாய் விரிக்கும்.
உள்ளே போனபின்தான் ஊசி.
செய்கிச்சியின் கட்டைவிரலை
அதனால் தின்ன முடியாது.
பயத்துக்கு அதனிடம் இருந்தது ஒரே பதில்.

ஐந்தேகாலுக்கு, என் முறையில்,
பை என் விரல்களை லேசாக மீறியது.
நான்தான் தவறினேன் என்று மறுபடி அமுக்கினேன்.
மறுபடி அதே இழுப்பு, உள்ளேயிருந்து,
தூண்டில் கயிற்றின் அந்த முனையில்
யாரோ இருப்பதாக.

ஹெலிகாப்டர் மணலை வாரி எங்கள்மேல் இறைத்துவிட்டு
அவனைக் கொண்டுபோனது.
வாளியைக் கடலில் கொட்டியது யார் என்று
ஊரில் இன்னும் சண்டை.
நான்தான்.

பன்னிரண்டாம் நாள் திரும்பி வந்தான்.
நேரே ரொட்டிக்கடைக்குப் போய்
பதினெட்டாயிரத்தை எண்ணி வைத்தானாம்.
மொரியாசுவின் முகம் மாவாய் வெளுத்ததாம்.
இமை திறக்கவில்லையே தவிர
காது ஒரு நிமிடமும் மூடவில்லை என்றானாம்.
வீட்டில் பாடுவதில்லை இப்போது.
ஆட்டுக்குத் தெரியும், ஃபுசாயேவுக்குத் தெரியும் ஏனென்று.

என் ஜன்னலுக்கு நேற்று வந்தான்.
இஷிகாகிக்கு ஒரு சீட்டு.
சில்லறையைப் பொறுக்கிக்கொண்டே,
நீ சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை என்றான்,
நான் கேட்காமலே.